பன்னிரண்டாயிரமும் எண்பதாயிரமும்

ஐஃபோன் 15 இந்தியாவில் 2023 செப்டம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 79,900 ரூபாய். அதற்கு ஏழு வாரம் முன்பு கடைக்கு வந்த ரெட்மி 12 5ஜி கைபேசியின் தொடக்க விலை ஏறத்தாழ 12,000 ரூபாய். இரண்டிலும் சேமிப்பிடம் 128 ஜிபி. இரண்டும் 5ஜி. முன்னாலும் பின்னாலும் கண்ணாடி. இரண்டின் சில்லும் '4 நானோமீட்டர்' வகை என்றே விளம்பரம் சொல்கிறது. விலை மட்டும் ஆறரை மடங்கு வேறுபட்டது.

விழுப்புரத்துக்கு மேற்கே, பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கண்டாச்சிபுரத்தில் இந்த வேறுபாட்டை நாள் கூலியில் அளந்து பார்க்கலாம். 2023–24இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய். ரெட்மியின் விலை 41 நாள் கூலி. ஐஃபோனின் விலை 272 நாள் கூலி. அப்போது ஓர் ஆண்டுக்கு 100 நாள் வேலைதான் உறுதி என்பதால், ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். இன்னொரு கணக்கும் உண்டு. கைபேசிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 79,900 ரூபாய்க்குள் வரி மட்டும் 12,188 ரூபாய். ஓர் ஐஃபோனுக்குக் கட்டும் வரியில் ஒரு ரெட்மியே வாங்கிவிடலாம்.

பொருத்தும் வேலையால் இந்த இடைவெளி வரவில்லை. தமிழ்நாட்டில் கைபேசித் தொழில் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையோடு பெரிதாகத் தொடங்கி, 2014இல் அந்த ஆலை மூடப்பட்டபோது தடைபட்டது. பிறகு ஃபாக்ஸ்கான் அங்கே 2019இல் ஐஃபோன் எக்ஸ்ஆரைப் பொருத்தத் தொடங்கியது. 2023இல் ஐஃபோன் 15 உலகெங்கும் விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இந்தியாவில் பொருத்தியதும் கடையில் இருந்தது. ரெட்மியின் தாய் நிறுவனமான சியோமியும் 2018இல் இதே ஃபாக்ஸ்கானுடன் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் சுற்றுப்பலகை தயாரிப்பைத் தொடங்கியது. பலகையில் உறுப்புகளை எந்திரம் பதிக்கிறது. திருகு முடுக்குவதும் பசை வைப்பதும் சோதிப்பதும் ஆட்கள் கையில். வட மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் உழைப்பு அது. விலை உயர்ந்த போனுக்கும் குறைந்த போனுக்கும் அந்த வேலை பெரிதாக மாறுவதில்லை. வேறுபாடு பலகைக்கு வந்து சேரும் உறுப்புகளில் இருக்கிறது. அங்கும் எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் இல்லை.

முதலில், வேறுபாடு மிகக் குறைவான இடம்: வானொலி அலை. கைபேசியின் முதல் வேலை கோபுரத்தோடு பேசுவது. அதற்கு அது எவ்வளவு உரக்கப் பேசலாம் என்பதை உலகப் பொதுத் தரம் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான அலைவரிசைகளில் உச்சம் 0.2 வாட். எண்பதாயிரம் கொடுத்தாலும் இந்த வரம்பு உயராது. சிக்னல் எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊரின் நில அமைப்பும் கோபுரத்தின் அலைவரிசையும்தான். இந்தியாவின் 5ஜி முக்கியமாக 3,500 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓடுகிறது. அதன் அலைநீளம் 9 செ.மீ.க்கும் குறைவு. ஜியோ 2022 ஏலத்தில் வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 43 செ.மீ. நீண்ட அலை தடையின் ஓரத்தில் வளைந்து போகும். சுவருக்குள்ளும் கூடுதலாக நுழையும். பாறைக் குன்றின் மறைவில் இருக்கும் வீட்டில் 700 கிடைத்து 3,500 கிடைக்காமல் போவது இதனால்தான். இந்த இரண்டு அலைவரிசைகளும் ரெட்மியில் உண்டு, ஐஃபோனிலும் உண்டு. வெளிநாட்டு அலைவரிசைகள் ஐஃபோனில் அதிகம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவருக்கு அது உதவும். ஊரில் பேசுவதற்கும், யூபிஐயில் பணம் அனுப்புவதற்கும், பட்டா எடுத்துப் பார்ப்பதற்கும் இரண்டு போனும் ஒன்றே. ஒரு கைபேசி நாள் முழுக்கச் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது சில்லு. '4 நானோமீட்டர்' என்பது தயாரிப்பு முறைக்கு ஆலைகள் வைத்திருக்கும் பெயர். சில்லின் எந்தப் பாகத்தின் அளவையும் அது குறிப்பதில்லை. பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களின் இடைவெளியே சுமார் 50 நானோமீட்டர். ரெட்மியின் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 தென்கொரியாவின் சாம்சங் முறையில் உருவானது. ஐஃபோனின் ஏ16 பயோனிக் தைவானின் டிஎஸ்எம்சி முறையில். ஏ16இல் கிட்டத்தட்ட 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். விளம்பரத்தில் வரும் எண்ணை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். ரெட்மியில் எட்டு கோர், ஐஃபோனில் ஆறு. எட்டு கோரில் இரண்டுதான் வேகமானவை. மற்ற ஆறும் சிக்கனமான சிறிய கோர்கள்.

அந்தச் சிறிய கோர் கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை பதியாவிட்டால் பின்னால் நிற்கும் எல்லாரும் காத்திருப்பார்கள் அல்லவா, அதே நிலைதான். நினைவகத்திலிருந்து ஒரு தரவு வரத் தாமதமானால் அடுத்த கட்டளைகளும் நிற்கும். பெரிய கோர் அப்படி நிற்காது. தாமதமாகும் கட்டளையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அதைச் சாராத பின்கட்டளைகளை முடித்துக்கொண்டே போகும். ஏ16இன் பெரிய கோர் இந்த வகையில் மிக அகலமானது. ஒரே துடிப்பில் பல கட்டளைகளை எடுத்துக்கொள்ளும். துடிப்பு வேகத்தில் அது ரெட்மியின் பெரிய கோரைப்போல ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடுதல். ஒற்றைக் கோர் சோதனைகளில் செய்து முடிக்கும் வேலையோ இரண்டரை மடங்குக்கு மேல். மிச்சமுள்ள பங்கு இந்த அகலத்தாலும், சில்லுக்கு உள்ளேயே இருக்கும் பெரிய இடைநினைவகத்தாலும் வருகிறது. சில்லில் இடம் என்பது பணம். அந்த இடத்துக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

இது கையில் எப்படித் தெரியும்? வாட்ஸப்பில் செய்தி படிக்கும்போது தெரியாது. வங்கிச் செயலியைத் திறந்து, ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பும்போது தெரியும். ரெட்மியின் தொடக்க வகையில் ரேம் 4 ஜிபி. ஆண்ட்ராய்டு தனக்கே கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதால், பின்னால் போன செயலியைச் சில நேரம் மூடிவிடும். திரும்பிவந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஐஃபோனின் 6 ஜிபியும் சிக்கனமான மென்பொருளும் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கின்றன. இதற்காக ஐஃபோனுக்குப் போவதைவிட, ரெட்மியையே கூடுதல் ரேமுடன் வாங்குவது இந்த ஒரு குறைக்கு நல்ல தீர்வு.

திரையில் குறைந்த விலைப் போன் ஓரிடத்தில் முந்துகிறது. ரெட்மியின் 6.79 அங்குலத் திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும். ஐஃபோன் 15இன் 6.1 அங்குலத் திரை 60 முறைதான். விரலால் தள்ளும்போது எழுத்து வழுக்கிப் போவது ரெட்மியில் மென்மையாக இருக்கலாம். ஒவ்வொரு படத்தையும் 11 மில்லி நொடிக்குள் சில்லு வரைந்து தர வேண்டும் என்பதால், கனமான செயலிகளில் அந்த மென்மை அவ்வப்போது தடைபடும்.

வெயிலில் நிலைமை தலைகீழ். இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நண்பகல் நேர் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அதில் நிற்பவர் அணிந்த வெள்ளைச் சட்டையின் ஒளிர்வு சுமார் 25,000 நிட். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஆகவே நிலக்கடலைக் கொல்லை வரப்பில் வெயிலைப் பார்த்து நின்று போனைப் பிடித்தால், சட்டையின் பிம்பமே திரையின் மேல் 1,000 நிட் ஒளியாகப் படியும். ரெட்மியின் எல்சிடி திரை உச்சத்தில் 550 நிட். வெள்ளைப் பின்னணி 550உம் 1,000உம் சேர்ந்து 1,550. கறுப்பு எழுத்தின் மேலும் அதே 1,000 படிகிறது. பின்னணிக்கும் எழுத்துக்கும் விகிதம் ஒன்றரைதான். எழுத்து கரைந்து போகிறது. ஐஃபோனின் திரை வெயிலில் 2,000 நிட் வரை போகும். விகிதம் 3,000க்கு 1,000, அதாவது மூன்று. படிக்க முடியும். நிழலுக்குப் போனால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வேப்பமர நிழல் இரண்டு போனையும் சமமாக்கும்.

இரண்டும் ஒளியை உண்டாக்கும் விதமும் வேறு. எல்சிடியில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகங்களும் நிற வடிகட்டிகளும் அதைத் தடுத்தும் விட்டும் படம் காட்டுகின்றன. விளக்கின் ஒளியில் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாகிப் போகிறது. ஐஃபோனின் ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது. அதனால்தான் இருட்டறையில் எல்சிடியின் கறுப்பு சாம்பலாகவும், ஓஎல்இடியின் கறுப்பு மையாகவும் தெரிகிறது.

இரண்டு போன்களும் வெகுவாக விலகும் இடம் கேமரா. இதற்குக் காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. செஞ்சி அருகே மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலில் அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். நிலா இல்லாத வானம், தீப்பந்த வெளிச்சம், அசையும் ஊஞ்சல், நெருக்கும் கூட்டம். கைபேசிக் கேமராவுக்கு இதைவிடக் கடினமான தேர்வு இல்லை. விளம்பரத்தில் ரெட்மிக்கு 50 மெகாபிக்சல், ஐஃபோனுக்கு 48 என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் ரெட்மியே மேல். ஆனால் படத்தின் தரம் எத்தனை பிக்சல் என்பதைவிட, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த விலையில் வரும் 50 மெகாபிக்சல் உணரிகளில் ஒரு பிக்சலின் பக்கம் வழக்கமாக 0.64 மைக்ரோமீட்டர். சிவப்பு ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட அதேதான். பிடிக்க வேண்டிய அலையின் அளவுக்கே பாத்திரம் சிறுத்துவிட்டது. ஐஃபோன் 15இன் முதன்மைக் கேமராவில் பக்கம் 1 மைக்ரோமீட்டர். பரப்பில் இது 2.4 மடங்கு. வில்லையின் திறப்பும் பெரிது: எஃப் 1.6, ரெட்மியில் எஃப் 1.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது). இரண்டையும் பெருக்கினால் ஐஃபோனின் ஒரு பிக்சல் ரெட்மியின் பிக்சலைவிட மூன்று மடங்கு ஒளியைப் பெறும்.

மழைத்துளி விழுவதுபோல ஒளித்துகளும் ஒழுங்கில்லாமல் விழும். சராசரியாக 100 துகள் விழ வேண்டிய இடத்தில் ஒரு முறை 90, மறுமுறை 110 விழும். இந்த ஏற்றத்தாழ்வின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம்: நூறுக்குப் பத்து, அதாவது 10 விழுக்காடு. 300 துகள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 17; 6 விழுக்காட்டுக்கும் கீழே. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள் இந்த ஏற்றத்தாழ்வுதான். எந்தத் தொழில்நுட்பத்தாலும் இதை அழிக்க முடியாது. அதிக ஒளியைச் சேர்ப்பதால் மட்டுமே குறைக்கலாம்.

சேர்க்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. நான்கு பிக்சல்களை ஒன்றாக்கிப் படிப்பது ஒரு வழி. இரண்டு போனும் அதைச் செய்கின்றன. அதிக நேரம் திறந்து வைப்பது இன்னொரு வழி. அப்போது கை நடுங்கினால் படம் கலங்கும். ஐஃபோனில் உணரியே ஒரு சிறு மேடைமேல் உட்கார்ந்து, கை அசையும் திசைக்கு எதிராக நகர்ந்து, நடுக்கத்தை ஈடுசெய்கிறது. ரெட்மியில் அந்த ஏற்பாடு இல்லை; அது குறைந்த நேரமே திறந்து, வந்த கொஞ்ச ஒளியை மென்பொருளால் பெருக்கிப் புள்ளிகளைத் துடைக்கிறது. துடைக்கும்போது முகச் சுருக்கமும் சேலைக் கரையும் சேர்ந்தே துடைபடும். ரெட்மியின் பின்னால் தெரியும் இரண்டாவது கண் 2 மெகாபிக்சல் துணைக் கேமரா. அதனால் தனியாக நல்ல படம் தர முடியாது. ஐஃபோனின் இரண்டாவது கண் அகலக் காட்சிக்கான முழுமையான 12 மெகாபிக்சல் கேமரா. பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களைக் கைபேசித் திரையிலேயே வைத்துப் பார்த்தால் வேறுபாடு சொல்வது கடினம். இரவில் எடுத்ததை யாராயினும் பிரித்துச் சொல்வார்கள்.

நகரும் உணரிக்கு ஒரு பலவீனம் உண்டு. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் தொடர் அதிர்வு அதைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. வழி பார்க்க போனை பைக் கைப்பிடியில் மாட்டும் பழக்கம் உள்ளவர் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மின்கலத்தில் எண்கள் ரெட்மியின் பக்கம்: 5,000 மில்லி ஆம்பியர் மணி; ஐஃபோனில் 3,349. ஆற்றலாகக் கணக்கிட்டால் சுமார் 19 வாட் மணியும் 13 வாட் மணியும். ஒன்றரை மடங்கு குறைந்த ஆற்றலிலும் ஐஃபோன் ஒரு நாளைக் கடத்திவிடுவது சிறிய திரையாலும் சிக்கனமான சில்லாலும். மின்சாரம் நின்று நின்று வரும் இடத்தில் பெரிய மின்கலமே மேல். ரெட்மியின் பெட்டியில் சார்ஜர் இருக்கும். ஐஃபோனுக்குத் தனியாக வாங்க வேண்டும்.

வெப்பம் இரண்டுக்கும் எதிரி. ஐஃபோன் இயங்குவதற்கென ஆப்பிள் குறித்திருக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் விழுப்புரம் மாவட்டம் அதைத் தாண்டிவிடும். அப்போது திரையின் ஒளி தானாகக் குறையும், சார்ஜ் ஏறுவது நிற்கும். மேலே சொன்ன 2,000 நிட் அந்த நேரத்தில் நீடித்துக் கிடைக்காது. லித்தியம் அயனி மின்கலம் சூட்டில் விரைவாக மூப்படையும் என்பது எந்த விலைப் போனுக்கும் பொது விதி. சார்ஜில் போட்ட போனை வெயில் படும் சன்னலில் வைக்கக் கூடாது.

நீர்க்காப்பில் ஐஃபோனுக்கு ஐபி68 தரம்: 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ரெட்மிக்கு ஐபி53: தூறல் தாங்கும், முழுகினால் தாங்காது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலம் பகுதியில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் இந்த வேறுபாடு பெரிது. எனினும் நீர் புகுந்து கெட்டால் ஆப்பிளின் உத்தரவாதமும் அதை ஏற்காது.

பூட்டைத் திறக்கும் முறையில் உழைப்பாளிக்கு ஒரு செய்தி உண்டு. களையெடுத்தும் கல் உடைத்தும் தேய்ந்த விரலில் ரேகை மங்கிவிடும்; ரெட்மியின் பக்கவாட்டு ரேகை உணரி அப்போது தடுமாறும். அதன் முக அடையாளம் வெறும் முன்கேமராப் படத்தை நம்புவதால் பாதுகாப்புக் குறைவு. ஐஃபோன் கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி, அதன் மேடு பள்ளத்தையே அளக்கிறது. இருட்டிலும் வேலை செய்யும்; புகைப்படத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

பழுது பார்ப்பதில் ரெட்மிக்கே வசதி. திரை உடைந்தால் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு சிறு கடையில் 'காம்போ' எனப்படும் திரைத் தொகுதியை மாற்றித் தருவார்கள். ஐஃபோனில் வேறு நிறுவனத் திரையையோ மின்கலத்தையோ போட்டால், உறுப்பு அசலா என்று தெரியவில்லை என்று போனே அறிவிப்புக் காட்டும்.

கடைசியாக ஆயுள். கைபேசியின் ஆயுளை இன்று கண்ணாடியைவிட மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் நின்ற போன் தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அதில் அடைக்கப்படாமலே இருக்கும். வங்கிக் கணக்கையே போனில் வைத்திருக்கும் காலத்தில் இது சிறிய விஷயமில்லை. 2018இல் வெளியாகி ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்பட்ட ஐஃபோன் எக்ஸ்ஆர், 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18 வரை பெற்றது: ஆறு ஆண்டு. ரெட்மி 12 5ஜி விலைத் தட்டில் உள்ள போன்களுக்குப் பொதுவாக இரண்டு ஆண்ட்ராய்டு மேம்பாடும் மூன்று ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தமும்தான்.

அப்படியும், தொடக்க விலைகளில் கணக்கு ரெட்மிக்கே சாதகம். ஐஃபோன் ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 13,300 ரூபாய். ரெட்மி மூன்று ஆண்டில் முடிந்தாலும் ஆண்டுக்கு 4,000. ஆறு ஆண்டுக்கு இரண்டு வாங்கினால் 24,000. இரவுப் படமும் வெயிலில் திரையும் தொழிலுக்கே தேவைப்படும் திருமணப் புகைப்படக்காரருக்கோ செய்தியாளருக்கோ மிச்சமுள்ள 56,000 ரூபாய் பொருளுள்ள செலவு. மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினியே வாங்கலாம்.

குறைந்த விலைப் போன் வாங்குகிறவர் ஒன்றை மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும்: அந்த மாடல் முதலில் வெளியான தேதி. திருத்தங்களின் ஆண்டுக் கணக்கு வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் வந்த போனை 2025 ஆகஸ்டில் தள்ளுபடியில் வாங்கியவருக்கு மூன்று ஆண்டில் மிச்சமிருந்தது ஓர் ஆண்டுதான்.